இரத்தக்கொதிப்பும் இரசபரித்தியாகமும்

(தசலட்சணப் பெருவிழாவின் ஏழாம் நாளாகிய உத்தம தவ நாளில் ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உத்தம தவத்தைப் பற்றிச் சிந்திக்கும் இந்நாளில் பக்கவாதத்தைப் பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தபோது, தமிழாசிரியனுக்கும் இந்நோய்க்கும் என்ன தொடர்பு என்று கேட்டேன். ‘மருத்துவர் பேசினால் அஞ்சுவார்கள், நீங்கள் பேசினால் கேட்பார்கள்’ என்று செயலாளர் விடை கூறினார். அது புகழ்ச்சியா, நான் பேசுவதைக் கேட்டு யாரும் அஞ்சமாட்டார்கள் என்ற பொருளா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. நான் மருத்துவன் அல்லேன். ஆயினும் சில மாதங்களாக இந்நோயைப் பற்றிய நூல்களையும் ஆய்வுரைகளையும் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இது மருத்துவமனைக்குள் மட்டும் பேசி முடிக்கும் செய்தி அன்று என்பதும், நம் அடுக்களைக்கும் நம் நோன்புக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பதும் தெளிவாயின.

முதலில் பெயரைப் பார்ப்போம். உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதால் பக்கவாதம் என்றனர். ‘வாதம்’ என்றால் காற்று. ‘கை கால் இழுத்துக்கொண்டது’, ‘வாயு தாக்கிவிட்டது’ என்று ஊர்ப்புறங்களில் இன்றும் சொல்கிறோம். பெயர் பழமையானது, அழகானது. ஆனால் அதனால் ஒரு தீமையும் விளைந்திருக்கிறது. நோய் கையிலும் காலிலும் இருப்பதாக எண்ணிக் கையையும் காலையும் தேய்க்கத் தொடங்கிவிடுகிறோம். நோய் இருப்பதோ மூளையில். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் பக்கவாதம். அக்குழாய் வெடித்துக் குருதி கசிந்தாலும் பக்கவாதம். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மருத்துவமோ முற்றிலும் வேறு. இந்த வேறுபாட்டை மனத்திற்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்ப வருவேன்.

இந்நோய் ஏன் வருகிறது? 32 நாடுகளில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஒரு பெரும் ஆய்வு, மாற்றிக்கொள்ளத்தக்க பத்துக் காரணங்களே பத்தில் ஒன்பது பக்கவாதங்களுக்குப் பின்னால் நிற்கின்றன என்று கண்டது. புகை, சர்க்கரை நோய், உடலுழைப்பின்மை, மது, உணவு முறை எனப் பட்டியல் நீளும். அவற்றுள் ஒன்று மட்டும் ஏறத்தாழப் பாதிச் சுமையைத் தானே தாங்குகிறது. அதுதான் நாம் இரத்தக்கொதிப்பு என்று கூறும் உயர் இரத்த அழுத்தம்.

இனி, இந்நோய் எல்லா நிலத்திலும் ஒரே அளவில் வருவதில்லை என்னும் செய்திக்கு வருகிறேன். நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு, கேரளம், பஞ்சாப் ஆகிய மாநிலங்களில் இதய நோயின் சுமை மிகுதி. மேற்கு வங்கம், ஒடிசா, அசாம் முதலிய கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களில் பக்கவாதத்தின் சுமை மிகுதி. நமக்குக் குறைவு என்று யாரும் மகிழ வேண்டா. நமக்கும் போதிய அளவு இருக்கிறது. நிலத்திற்கு நிலம் நோய் வேறுபடுகிறது என்றால், அது தலையெழுத்து அன்று என்பதே பொருள். தலையெழுத்து மாநில எல்லையைப் பார்த்து மாறாது அல்லவா?

இதற்கு உலகில் மிகத் தெளிவான சான்று எதுவெனின், சப்பான் நாட்டின் வடபகுதியில் உள்ள அகிதா என்னும் மாகாணத்தைச் சொல்வேன். நெல் விளையும் நிலம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் பனி மூடிக் கிடக்கும். அக்காலத்தில் பசுங்காய்கள் கிடையா. ஆகவே கோடையில் விளைந்த முள்ளங்கி முதலியவற்றை உப்பிலிட்டு மிடா மிடாவாகச் சேமித்து வைப்பார்கள். மீனையும் உப்பில் ஊறவைப்பார்கள். சோயா அவரையைப் புளிக்கவைத்துச் செய்யும் ‘மிசோ’ என்னும் விழுதைக் கரைத்துச் சாறாக்கி வேளைதோறும் பருகுவார்கள். அதிலும் உப்பு மிகுதி. ஒரு கவளம் ஊறுகாய்க்கு ஒரு கிண்ணம் சோறு என்னும் கணக்கில் சோறு நிறைய, பிற குறைய. உழவர் வீடுகளில் ஒரே ஓர் அடுப்பங்கணப்பு. ஏனைய அறைகளெல்லாம் உறையும் குளிர்.

அந்த அகிதாவில் உழவர் ஒருவர் நாளொன்றுக்கு உட்கொண்ட உப்பு ஏறத்தாழ 27 கிராம் என்று, 1960இல் தால் என்னும் அமெரிக்க மருத்துவர் எழுதினார். தென்சப்பானில் அது ஏறத்தாழ 14 கிராம். உப்பு மிகுந்த வடக்கில் இரத்தக்கொதிப்பும் மிகுதி, பக்கவாதத்தால் இறப்போரும் மிகுதி. முதியோர் மட்டுமல்லர், வயலில் உழைக்கும் நடுவயதினரும் சாய்ந்தனர். சப்பான் நாடு முழுவதற்குமே 1951 முதல் 1980 வரை உயிர்களைக் கொள்ளை கொண்டதில் முதலிடம் வகித்த நோய் பக்கவாதம்தான். அந்நாட்டின் துயரப் படத்தில் மிகக் கரிய பகுதி வடக்கே இருந்த அகிதாவும் அதன் அண்டை மாகாணங்களும்.

அண்டை மாகாணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அகிதாவுக்கு வடக்கே அவோமோரி என்னும் மாகாணம் உண்டு. ஆப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. அங்குள்ள ஹிரோசாகி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சசாகி என்னும் மருத்துவப் பேராசிரியர் ஊர் ஊராகச் சென்று இரத்த அழுத்தத்தை அளந்தார். நெல் விளைவிக்கும் ஊர்களைக் காட்டிலும் ஆப்பிள் விளைவிக்கும் ஊர்களில் அழுத்தம் குறைவாக இருப்பதைக் கண்டார். ஆப்பிளில் பொட்டாசியம் என்னும் சத்து உள்ளது. அஃது உப்பின் தீமையை ஒருவாறு தணிக்கிறது. நமக்கு ஆப்பிள்தான் வேண்டும் என்பதில்லை. கீரையிலும் வாழைப்பழத்திலும் இளநீரிலும் பயறுகளிலும் அது நிறைய உண்டு.

அகிதாவில் பிறகு நடந்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. 1961இல் சப்பான் அரசு குடிமக்கள் அனைவர்க்கும் மருத்துவக் காப்பீட்டை நடைமுறைப்படுத்தியது. 1963இல் கொமாச்சி என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் அகிதாவிலுள்ள இகாவா என்னும் சிற்றூர்ப் பகுதியில் ஒரு பணியைத் தொடங்கினர். பெரிய மருத்துவமனை எதையும் அவர்கள் கட்டவில்லை. ஆண்டுதோறும் ஊரார் அனைவரையும் அழைத்து இரத்த அழுத்தத்தை அளந்தார்கள். மிகுந்திருந்தவர்க்கு மருந்து தந்தார்கள். மருந்தை நிறுத்தியவர் வீட்டுக்குச் செவிலியர் நேரில் சென்று கேட்டார். சாற்றிலும் ஊறுகாயிலும் உப்பைக் குறைக்கும் வகையை இல்லத்தரசியருக்குக் கற்பித்தார்கள். ஓராண்டு, ஈராண்டு அன்று, பல பத்தாண்டுகள் இதே வேலை.

இவ்வளவு முனைப்பாகப் பணி நடவாத, அதே மாகாணத்து மற்றோர் ஊரோடு இகாவாவைப் பின்னர் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஆண்களிடையே பக்கவாதம் இகாவாவில் மிக விரைவாகக் குறைந்திருந்தது. பெண்களிடையே இரு ஊர்களிலும் குறைந்தமையால் அவ்வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. நாடு முழுவதிலும் பக்கவாத மரணம் சரிந்தது. 1981இல் முதலிடம் புற்றுநோய்க்குப் போயிற்று. இன்றும் சப்பானின் மாகாணங்களை வரிசைப்படுத்தினால் பக்கவாதத்தில் வடக்கு மாகாணங்களே மேலே நிற்கின்றன. பழக்கம் எளிதில் விடாது. ஆனால் இன்று மேலே நிற்பவரின் நிலை, அன்று கீழே நின்றவரின் நிலையைக் காட்டிலும் நன்று. சப்பானியர் உண்ணும் உப்பு 2019இல் சராசரியாக நாளொன்றுக்கு 10 கிராம். அதுவும் மிகுதிதான், உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் எல்லை 5 கிராமுக்கும் குறைவு.

நம் நாட்டில் எவ்வளவு? ஆய்வுகள் 8 கிராம் முதல் 11 கிராம் வரை சொல்கின்றன. ஆய்வு வேண்டா, வீட்டிலேயே கணக்குப் பாருங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்திற்கு, தலைக்கு நாளொன்றுக்கு 5 கிராம் வீதம், மாதத்திற்கு 600 கிராம் உப்புப் போதும். நம் வீடுகளில் ஒரு கிலோ பொட்டலம் மாதம் முழுவதற்கும் வருகிறதா என்று தாய்மார்கள் சொல்ல வேண்டும். வருகிறது என்றே வைத்துக்கொண்டாலும், அது தலைக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது. கடையில் வாங்கும் அப்பளமும் மிக்சரும் ஊறுகாயும் இதில் சேரவில்லை.

இங்கேதான் நம் அறநெறி என் உரைக்குள் வருகிறது. புறத்தவம் ஆறு என்று நம் ஆசாரியர்கள் வகுத்தார்கள். உண்ணாநோன்பு முதலாவது. குறைய உண்ணுதல் இரண்டாவது. நான்காவதாக நிற்பது இரசபரித்தியாகம், அதாவது சுவை துறத்தல். பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு ஆகிய ஆறனுள் ஒன்றையோ பலவற்றையோ குறித்த நாளில் விலக்குவது. உப்பு அப்பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். இரத்த அழுத்தமானி தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, உப்பில்லாமல் ஒரு நாள் உண்ணுவது தவம் என்று இம்மரபு சொல்லிவிட்டது. அவர்கள் சொன்னது நாவை அடக்கி வினையை உதிர்ப்பதற்காக. இரத்தக்குழாயைக் காப்பதற்காக அன்று. நம் முன்னோர் விஞ்ஞானத்தை முன்பே அறிந்திருந்தார்கள் என்று கூறிக் கைதட்டல் வாங்கும் வழக்கம் மேடைகளில் பெருகிவிட்டது. அந்த வழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. நோக்கம் வேறு, பயன் வேறு. ஆயினும் கையில் உள்ள நல்ல கருவியை வேறொரு நற்செயலுக்கும் பயன்படுத்துவதில் பிழை ஒன்றும் இல்லை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். உண்ணத்தகாதவை என்று நம்மவர் எண்ணிய இருபத்திரண்டனுள் நாள்பட்ட ஊறுகாயும் ஒன்று. புளித்து நாள்படும் பொருளில் நுண்ணுயிர்கள் பெருகும் என்பதனால் விலக்கினார்கள். கிழங்கை விலக்குகிறோம், தேனை விலக்குகிறோம், கதிரவன் மறைந்தபின் உண்பதை விலக்குகிறோம். ஆனால் நம் வீட்டுப் பரண்மேல் ஓராண்டு எலுமிச்சை ஊறுகாய் சாடியில் அமைதியாக வீற்றிருக்கிறது! அதனை எவரும் வினவுவதில்லை. அகிதா உழவரின் மிடாவுக்கும் நம் சாடிக்கும் உறவு மிக நெருக்கம்.

‘நாம் புலால் உண்பவர்கள் அல்லர், நமக்கு இந்நோய் எளிதில் வாராது’ என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக உண்டு. இதனைப் பற்றி நேர்மையாகப் பேச வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் 48,000க்கும் மேற்பட்ட மக்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2019இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மரக்கறி உண்போர்க்கு இதய அடைப்பு நோய், புலால் உண்போரைவிட 22 விழுக்காடு குறைவாக இருந்தது. மகிழ்ச்சி. ஆனால் பக்கவாதம் 20 விழுக்காடு மிகுதியாக இருந்தது. அம்மிகுதி பெரும்பாலும் மூளையில் குருதி கசியும் வகையைச் சார்ந்தது. எண்ணிக்கையாகச் சொன்னால் ஆயிரம் பேருக்குப் பத்தாண்டில் மூன்று பேர் கூடுதல். சிறிய எண்தான். ஆயினும் நாம் எதிர்பார்த்த திசைக்கு நேர் எதிர்த்திசை.

காரணம் இன்னதென்று அவர்கள் அறுதியிட்டுக் கூறவில்லை. இரத்தத்தில் கொழுப்பு மிகக் குறைந்தாலும், பி12 முதலிய சில சத்துகள் குறைந்தாலும் இவ்வாறு நேரலாம் என்று கருதினர். இங்கே மறுபடியும் பழைய அகிதா நினைவுக்கு வருகிறது. சோறும் உப்பும் மிகுந்து, புரதமும் கொழுப்பும் மிகக் குறைந்த உணவு அவர்களுடையது. மூளைக் குருதிக்கசிவே அவர்களிடம் மிகுந்திருந்தது. அதே வேளையில், தைவான் நாட்டில் சூச்சி என்னும் பௌத்த அறநிறுவனத்தைச் சார்ந்தோரிடையே நடந்து 2020இல் வெளியான ஆய்வு வேறு முடிவைத் தந்தது. அங்கே மரக்கறி உண்போர்க்குப் பக்கவாதம் குறைவாகவே இருந்தது. சோயாவும் காயும் பழமும் பருப்பும் நிறைந்த உணவு அவர்களுடையது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். கொல்லாமை நாம் உயிர்களுக்காக மேற்கொண்ட அறம். அது நோய் வாராமைக்கு வழங்கிய சான்றிதழ் அன்று. இலையில் புலால் இல்லை என்பது ஒன்று. இலையில் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. வெண்சோறு, வறுத்த அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய் என்று அமைந்த உணவும் மரக்கறி உணவுதான். கீரை, பருப்பு, பயறு, காய், பழம், பால் என்று அமைந்ததும் மரக்கறி உணவுதான். பி12 குறைவு மரக்கறி உண்போரிடம் பரவலாக இருப்பதால், அறுபதைக் கடந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு ஒரு முறையாவது அதனைச் சோதித்துக்கொள்வது நலம்.

உப்பைக் குறைத்தால் உண்மையிலேயே பயன் கிட்டுமா என்று ஐயுறுவோர்க்கு ஒரு செய்தி. வடசீனத்தின் 600 சிற்றூர்களில், முன்பே பக்கவாதம் வந்தவர்களையும், இரத்தக்கொதிப்புடைய முதியோரையுமாக 20,995 பேரைத் தேர்ந்தெடுத்தனர். பாதி ஊர்களுக்கு வழக்கமான உப்பு. மறுபாதிக்கு, நான்கில் ஒரு பங்கு பொட்டாசிய உப்புக் கலந்த மாற்றுப்பு. ஏறத்தாழ ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது மாற்றுப்பு உண்டவர்களிடம் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்திருந்தது. 2021இல் வெளியான முடிவு இது. சுவையில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்களும், அதற்கான சில மாத்திரைகளை உண்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் இம்மாற்றுப்பைத் தொடக்கூடாது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத்திற்குக் கேடு.

இளைஞர்களுக்காக ஒன்று மட்டும் சொல்லிச் செல்கிறேன். அமெரிக்காவின் தென்கிழக்கில் வட கரோலினா, தென் கரோலினா, சார்சியா, அலபாமா, மிசிசிப்பி முதலிய மாநிலங்களை ‘பக்கவாதப் பட்டை’ என்றே அழைக்கிறார்கள். நாட்டின் ஏனைய பகுதிகளைவிட அங்கே இந்நோயால் இறப்போர் மிகுதி என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிந்த செய்தி. 30,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அங்கே நடக்கும் ஒரு நெடிய ஆய்வில் வியப்பான ஒன்று தெரியவந்தது. பிற்காலத்தில் எங்கே குடியேறினாலும், பதின்பருவத்தை அப்பட்டைக்குள் கழித்தவர்களுக்கு ஆபத்து மிகுந்தே காணப்பட்டது. பள்ளிப் பருவத்து நாக்கு எதைக் கற்றுக்கொள்கிறதோ அதனை அறுபதிலும் கேட்கிறது போலும். நொறுக்குத்தீனிப் பையோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தம்பிகள் இதனைக் கேட்டால் போதும்.

இதுவரை நோய் வருவதைப் பற்றிப் பேசினேன். வந்தபின் பிழைப்பது வேறு கதை. இதற்கு நான் சப்பானுக்கோ சீனத்துக்கோ போக வேண்டியதில்லை. அண்டை மாநிலமே போதும்.

2005ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஆறு மாதம், நகரத்திலும் அதனை அடுத்த ஊர்ப்புறத்திலும் பக்கவாதம் புதிதாகத் தாக்கியவர்களை ஒருவர் விடாமல் பதிவுசெய்ய முயன்றனர். 541 பேர் பதிவாயினர். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் எத்தனை பேருக்கு வருகிறது என்று கணக்கிட்டபோது நகரத்தில் 135, ஊர்ப்புறத்தில் 138. ஏறக்குறைய ஒன்றே. சிற்றூர்க் காற்றும் உழைப்பும் நம்மைக் காக்கும் என்னும் நம்பிக்கை அங்கேயே உடைந்துவிட்டது. அடுத்த எண் இன்னும் கடுமையானது. தாக்குண்டவர்களுள் 28 நாளுக்குள் இறந்தவர் நகரத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். ஊர்ப்புறத்தில் 37 பேர். எழுத்தறிவும் மருத்துவ வசதியும் மிகுந்த கேரளத்தில், ஒரே மாவட்டத்திற்குள் இந்த வேறுபாடு.

ஏறத்தாழ அதே காலத்தில் மும்பையில் ஒரு பகுதியில் நடந்த பதிவில் ஒரு மாதத்திற்குள் இறந்தவர் நூற்றுக்கு 30 பேர். கொல்கத்தாவில் 41 பேர். சில ஆண்டு கழித்துப் பஞ்சாபின் லூதியானாவில் எடுத்த கணக்கில் 22 பேர். ஆனால் நோய் வரும் விகிதமோ இந்நகரங்களிலெல்லாம் ஒரு லட்சத்திற்கு 140ஐ ஒட்டியே இருந்தது. ஆய்வு முறைகளும் ஆண்டுகளும் வேறுபடுவதால் இவற்றை நூல் பிடித்தாற்போல ஒப்பிடக்கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஒரே அளவில் வரும் நோய் ஓரிடத்தில் ஐவரில் ஒருவரையும் மற்றோரிடத்தில் ஐவரில் இருவரையும் கொண்டுபோகிறது என்றால், இடையில் நிற்பது நோயின் கொடுமை மட்டும் அன்று. தொலைவு, தாமதம், அறியாமை, பணம் ஆகியவை என்பதே என் கருத்து.

தாமதத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் என் உறவினராகிய அம்மையார் ஒருவர், காலையில் பால் பாத்திரத்தை எடுக்கும்போது கை நழுவிக் கீழே போட்டார். ‘என்ன அத்தை?’ என்று மருமகள் கேட்டதற்கு வாய் குழறிற்று. முகம் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வாயு என்று எண்ணித் தைலம் காய்ச்சித் தேய்த்தார்கள். பகல் முழுவதும் தேய்த்தார்கள். அயலார் ஒருவர் வந்து, புறாவை அறுத்து அதன் குருதியைச் சூட்டோடு தடவினால் கை எழும் என்றார். நாம் புறாவை அறுக்கும் குடும்பம் அல்லவே. அதற்கு மட்டும் மறுத்துவிட்டார்கள். (இந்தக் கொடிய வழக்கம் சில ஊர்களில் இன்றும் இருக்கிறது. ஓர் உயிரை வதைப்பதோடு, நோயாளிக்கு உரிய நேரத்தையும் அது கொன்றுவிடுகிறது.) மறுநாள் காலை வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போனார்கள். சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த இளம் மருத்துவர், ‘அடைப்புதான். நேற்றே வந்திருந்தால் கரைக்க முயன்றிருக்கலாம்’ என்றார். அம்மையார் பிழைத்தார். வலக்கை திரும்பவில்லை. பேச்சும் திரும்பவில்லை. அறுபது ஆண்டுகள் நாள்தோறும் சொல்லிவந்த பஞ்ச நமஸ்கார மந்திரத்தை உதட்டளவில் அசைத்துப் பார்ப்பார், ஒலி வாராது. கண்ணில் நீர் மட்டும் வரும்.

அடைப்பைக் கரைக்கும் ஊசி மருந்தை நோய் தொடங்கிய நான்கரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். சிலருக்கு, பெரிய குழாய் அடைபட்டிருந்தால், அதற்குப் பின்னரும் கம்பி செலுத்தி அடைப்பை எடுக்கும் முறை பெரிய மருத்துவமனைகளில் உண்டு. ஆனால் ஒவ்வொரு நிமிடமும் மூளையில் ஏறத்தாழ 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முன்னர்ச் சொன்னேனே, அடைப்பு வேறு, கசிவு வேறு என்று. கசிவாக இருந்தால் இதே ஊசி உயிரைப் போக்கிவிடும். ஸ்கேன் எடுக்காமல் இரண்டையும் பிரித்தறிய எவராலும் இயலாது. ஆகவே வீட்டில் எந்த மாத்திரையும் கொடுக்கக்கூடாது. இதய நோய்க்குக் கொடுக்கும் ஆஸ்பிரினையும் கொடுக்கக்கூடாது. விழுங்க முடியாதவர்க்குத் தண்ணீர் புகட்டுவதும் ஆபத்து. முகம் கோணுகிறதா, ஒரு கை தாழ்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். கடைசியாக அவர் நலமாக இருந்த மணி என்ன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கேட்கும் முதற்கேள்வி அதுதான். சிறிது நேரத்தில் தானே சரியாகிவிட்டாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது பெரிய இடிக்கு முன் வரும் மின்னல்.

எந்த மருத்துவமனைக்குப் போவது என்பதை அந்த நேரத்தில் ஆராயக்கூடாது. இரவும் பகலும் ஸ்கேன் எடுக்கும் வசதியும் கரைக்கும் மருந்தும் உள்ள மருத்துவமனை எது, நம் ஊரிலிருந்து எவ்வளவு நேரம் என்பதை ஒவ்வோர் ஊர் ஆலயத்திலும் ஒரு பலகையில் எழுதிவைக்கலாம் என்று அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கக் கல் கிடைக்கிறது. இதற்கு ஒரு தகரப் பலகை கிடைக்காதா?

இறுதியாக நோன்பாளிகளிடம் ஒரு சொல். இப்பத்து நாளும் ஒருவேளை உண்போரும், நீரும் அருந்தாமல் உபவாசம் இருப்போரும் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களை நான் வணங்குகிறேன். ஆனால் நோன்பின்போது இரத்தக்கொதிப்பு மாத்திரையை நிறுத்திவிடும் வழக்கம் நம் முதியோரிடம் உண்டு. ‘பத்து நாள்தானே’ என்கிறார்கள். மாத்திரையை நிறுத்திய சில நாளிலேயே அழுத்தம் மீண்டும் ஏறும். சில மாத்திரைகளைத் திடீரென நிறுத்தினால் முன்னிருந்ததைவிட மேலாகவும் ஏறும். இரவில் உண்ணாமைக்கும் மாத்திரைக்கும் பகை இல்லை. பலருக்கு நாளுக்கு ஒரு மாத்திரை போதும். அதனைப் பகலில் உண்ணும் வேளையோடு சேர்த்துக்கொள்ள மருத்துவர் வகை சொல்வார். நீரைப் போக்கும் மாத்திரை உண்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் நீரில்லா உபவாசத்தை மருத்துவரைக் கேளாமல் மேற்கொள்ள வேண்டா. அவர்களுக்கென்றே இரசபரித்தியாகம் இருக்கிறது. உபவாசம் இயலாதவர் உப்பைத் துறந்து ஒரு நாள் உண்டால், அது இரண்டாந்தரத் தவம் என்று எந்த ஆசாரியரும் சொல்லவில்லை.

மாத்திரை வாங்கப் பொருளில்லை என்பதும் இன்று தடையாகாது. 2021 ஆகஸ்டு முதல் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியே இரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுக்கே கொணர்ந்து தருகிறார்கள். இகாவாவில் செவிலியர் வீடு வீடாகச் சென்றதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணியாளர் நம் தெருவுக்கு வரும்போது, ‘எனக்கு ஒன்றும் இல்லை அம்மா’ என்று வாயிற்படியிலேயே திருப்பி அனுப்பிவிடாமல் கையை நீட்டிக் காட்டுங்கள். இரத்தக்கொதிப்புக்குப் பெரும்பாலும் அறிகுறி இராது; அளந்து பார்த்தால்தான் தெரியும்.

நாளைக் காலை அபிடேகம் முடிந்தவுடன் இம்மண்டபத்தின் வடபுறத்தில் இரத்த அழுத்தமானியோடு இரு செவிலியர் அமர்ந்திருப்பார்கள். முப்பது வயதைக் கடந்த அனைவரும் வரலாம். ஏற்கெனவே மாத்திரை உண்பவர்கள் அந்த அட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்திருக்க வேண்டுமாம். நம்மவர்க்குச் சற்றுக் கடினம், ஆயினும் முயல்வோம். நாளை மதிய உணவில் ஊறுகாயும் அப்பளமும் இடம்பெறா என்று சமையற்குழுவினர் எனக்கு வாக்களித்திருக்கிறார்கள். கீரைக் கூட்டும் பாசிப்பயற்றுச் சுண்டலும் வாழைப்பழமும் உண்டு.